ஒரு மைக்ரானுக்காகப் பத்து மைக்ரான்

என் காரின் பானட்டில், ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக, இருபது காசு நாணயம் அளவில் ஒரு தடம் இருந்தது. மைனா எச்சம் காய்ந்து உண்டான தடம். சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பலமாடி கார் நிறுத்துமிடத்தில், நான் வேலை முடிந்து வருவதற்குள் கூரையுள்ள தளங்கள் நிரம்பிவிடும். உச்சித் தளத்தில், வெட்டவெளியில்தான் இடம் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்கே விட்ட காரை ஞாயிறு காலைதான் எடுத்தேன். நடுவில் ஒரு முழுச் சனிக்கிழமை வெயில். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல், மெதுவாகத்தான் எச்சத்தை எடுத்தேன். எச்சம் வந்துவிட்டது, அதன் உருவம் வரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய சுருக்கம், நடுவில் மங்கல். அந்தக் காருக்கு எட்டு மாதத்துக்கு முன்னால்தான் 980 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, ஐந்து ஆண்டு உத்தரவாதத்தோடு செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டின் மேல் இறுகி நிற்கும் மெல்லிய பாதுகாப்புப் படலம், போட்டிருந்தேன்.

இந்தக் கதையை மறுபடி கிளறவைத்தவன் என் மச்சினன். போன மாதம் புதுக் கார் பதிவு செய்திருக்கிறான். விற்பனையாளர் கோட்டிங் பேக்கேஜ் ஒன்றை நீட்டியதும் எனக்குத்தான் முதலில் அழைத்தான். "மாமா, நீங்க பெயிண்ட் வேலையிலதானே இருக்கீங்க. கோட்டிங் போடட்டுமா, இல்ல வேக்ஸ் போதுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." அவன் கேட்டதில் தவறே இல்லை. எனக்குத்தான் ஒரே வார்த்தையில் வரவில்லை. ரெண்டு நாள் டைம் குடு தம்பி என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

நான் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர். பதினான்கு வருடமாக இதே வேலை. கப்பல் டாக்கில் ஏறியதும் பழைய பெயிண்டையும் துருவையும் பிளாஸ்டிங் செய்து, அதாவது துகள்களை வேகமாக அடித்து, எடுப்பார்கள். இரும்பு எந்த அளவுக்குச் சுத்தமாகியிருக்கிறது என்று பார்ப்பது, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 டிகிரியாவது மேலே இருக்கிறதா என்று அளப்பது, ஒவ்வொரு பெயிண்ட் பூச்சும் காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறியிருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்து எழுதுவது, இவைதான் என் நாள். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90ஐத் தாண்டி நிற்கும். எத்தனையோ நாள் ஐம்பது பேர் ஸ்பிரே கன்னோடு காத்திருக்க, நான் மட்டும் தலையாட்டாமல் நின்றிருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலின் அடிப்பக்கத்துக்கு இத்தனை கேள்வி கேட்கும் நான், என் சொந்தக் காரைக் கடையில் விட்ட அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கோட்டிங் போட்ட நாள்

2018இல் பதிவான காரை, அதற்கு நான்கு வயதானபோது, 2022இல் வாங்கினேன். கருநீலம். நிழலில் அழகாக இருக்கும். வெயிலில் நிறுத்தினால் பெயிண்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். முன்னால் வைத்திருந்தவர் மாதக் கட்டணத்துக்குக் கழுவக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ராத்திரியில் வாளியோடு வந்து வரிசையாகக் கார் கழுவும் மனிதர்களை எல்லா நிறுத்துமிடத்திலும் பார்க்கலாம். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, பத்துப் பன்னிரண்டு கார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். ஆனால் முதல் காரின் மணல் துணியில் ஏறி ஏழாவது காரின் பெயிண்டில் இழுபடுகிறது, அதுவும் உண்மை.

காரைப் பாலிஷ் போட்டுக் கோட்டிங் ஏற்றித் தரும் குரூமிங் கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். என்ன வேண்டும் என்று கேட்டார். "கண்ணாடி மாதிரி வரணும்" என்றேன். இந்த மூன்று சொல்லைப் பற்றிப் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் மருந்து அடித்தார்கள். கருநீலத்தின் மேல் ஊதா ஊதாவாக வழிந்தது. முன்னால் வைத்திருந்தவரும் துவாஸ் பக்கம்தான் வேலை பார்த்தாராம். பட்டறைக் காற்றில் பறக்கும் இரும்புத் தூள் அத்தனையும் பெயிண்டில் தைத்திருந்தது. பிறகு களிமண் கட்டி மாதிரி இருக்கும் கிளே பாரைச் சோப்புத் தண்ணீரோடு உருட்டி எடுத்தார்கள். பிறகு காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை. மெஷினில் கம்பளிப் பேட் மாட்டி, கீறல் மறையும்வரை தேய்த்தார்கள். அதன் பிறகு மென்மையான பாலிஷ். எண்ணெய்ப் பசை போக ஆல்கஹால் துடைப்பு. கடைசியில், விரல் நீளப் பஞ்சுக் கட்டையில் பத்துப் பன்னிரண்டு சொட்டு விட்டு, பானட்டில் குறுக்கும் நெடுக்கும் பூசினார்கள். ஒரு நிமிடத்தில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தது. உடனே துடைத்தார்கள். அவ்வளவுதான் கோட்டிங். இரண்டு நாள் வேலையில் கோட்டிங் பூசியது இரண்டு மூன்று மணி நேரம்கூட இருக்காது. மற்றதெல்லாம் அதற்கு முந்தைய வேலை.

மாலையில் எடுக்கப் போனபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பானட்டில் கடையின் குழல்விளக்குகள் கோடு கோணாமல் தெரிந்தன. வீட்டுக்காரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புதுக் கார் மாதிரியே இருக்கே" என்றாள். ஒரு வாரம் கழுவக் கூடாது, பறவை எச்சத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக்கு வர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை மடித்து டேஷ்போர்டு டிராயரில் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்தத் தாளைத்தான் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கடைக்காரர் 24 மணி நேர வரியைக் காட்டினார். கோபம் வந்தது. ஆனாலும் அவர் நல்ல மனிதர், அந்த இடத்தை மட்டும் இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தடத்தை எடுத்து, மறுபடி கோட்டிங் தொட்டுக் கொடுத்தார். தடம் போனது. என் மனத்தில் இருந்த கேள்வி போகவில்லை. கண்ணாடி மாதிரி கடினமான கோட்டிங் என்றார்களே, ஒரு மைனா எப்படி அதைத் தாண்டியது?

9எச் என்றால்

கோட்டிங் விளம்பரம் எல்லாவற்றிலும் 9எச் என்று போட்டிருக்கும். படிக்கிறவர்கள் வைரத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில் கணக்கு. எங்கள் ஆய்வகத்திலும் இந்தச் சோதனை உண்டு. பென்சிலைச் சீவி, முனையைத் தட்டையாக்கி, 45 டிகிரி சாய்வில் 750 கிராம் எடையோடு பெயிண்டின் மேல் தள்ளுவோம். எந்தப் பென்சில் கீறவில்லையோ அதுதான் அந்தப் பெயிண்டின் கடினம். 9எச் என்றால் அந்த வரிசையிலேயே கடினமான பென்சிலும் கீறவில்லை என்று பொருள். பென்சில் முனை என்பது கிராபைட்டும் களிமண்ணும். சாலையில் பறக்கும் மணல் என்பது குவார்ட்ஸ், அதைவிட எவ்வளவோ கடினம். அதனால் 9எச் கோட்டிங் போட்ட காரும் அழுக்குத் துணியால் துடைத்தால் கீறும். இன்னொன்றும் இருக்கிறது. கோட்டிங் ஓரிரு மைக்ரான் தடிமன். அதற்குக் கீழே இருக்கும் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடித்திருக்கும் நிறமற்ற பெயிண்ட் அடுக்கு, அதைவிட மென்மையானது. தலையணை மேல் அப்பளத்தை வைத்து அழுத்தினால் அப்பளம் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்து என்ன பயன்? தலையணை அமுங்கும்போது அப்பளம் நொறுங்கத்தான் செய்யும்.

மைனா விஷயத்தில் நடந்ததும் இதுதான். பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது மெல்ல அரிக்கும். ஆனால் அமிலத்தைவிடச் சூடுதான் பெரிய வேலை செய்கிறது. ஒருநாள் மதியம் உச்சித் தளத்தில் பானட்டின் மேல் பட்டறை வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 66 டிகிரி. அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. மேலே எச்சம் காய்ந்து இறுகிச் சுருங்குகிறது. மாலையில் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிப்போன எச்சத்தின் உருவத்துக்கு ஏற்பப் படிந்துவிடுகிறது. மேலே இருக்கும் ஒரு மைக்ரான் படலமும் கூடவே மடிகிறது. கோட்டிங் அமிலத்தை ஓரளவு தாமதப்படுத்தும், சோப்புக்கும் எண்ணெய்க்கும் நன்றாகவே தாங்கும். கீழே இருப்பது அசைந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் பலம் அதற்குக் கிடையாது. கல் தெறிப்பதைத் தடுக்கவும் முடியாது. அதற்கு 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும், அதன் விலை வேறு கணக்கு.

மழையிலும் எனக்கு ஏமாற்றம் இருந்தது. தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டித்தான் கோட்டிங்கை விற்கிறார்கள். விரைவுச்சாலையில் போகும்போது அந்த முத்துகள் ஓடிப்போவது அழகுதான். ஆனால் நம் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை, நூற்று எழுபது நாள் மழை. பாதி நாள் மதியம் இடி மழை கொட்டி, ஒரு மணி நேரத்தில் வெயில் சுள்ளென்று திரும்பிவிடுகிறது. நிறுத்தியிருக்கும் காரின் பானட்டில் ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு முத்தும் அங்கேயே வற்றுகிறது. பெயிண்டில் ஏற்கெனவே இருந்த தூசியும் உப்பும் அந்தச் சொட்டுக்குள் கரைந்து, வற்றும்போது வளையமாகப் படிகிறது. துவாஸில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். கோட்டிங் போட்ட முதல் ஆண்டில் என் காரில் இருந்த நீர்த்தடங்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

முப்பத்திரண்டு வெள்ளி டப்பா

அந்தக் கோபத்தில்தான் வேக்ஸ் வாங்கினேன். கார்னூபா கலந்த பேஸ்ட் வேக்ஸ், 32 வெள்ளி. கார்னூபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. வறட்சிக் காலத்தில் ஓலையின் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. இயற்கை மெழுகுகளில் மிகவும் கடினமானது இதுதான், 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். டப்பாவில் இருப்பது எண்ணெயும் கரைப்பானும் சேர்த்து இளக்கியது என்பதால் வெயிலில் அந்த அளவுக்குத் தாங்காது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழ்த்தளத்தில் இடம் காலியாகும். காரை அங்கே கொண்டுவந்து, வட்டப் பஞ்சில் கொஞ்சமாக எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசி, புகைபடிந்த மாதிரி ஆனதும் மைக்ரோஃபைபர் துணியால் எடுப்பேன். இரண்டு மணி நேரம். தேய்ப்பதில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மனத்துக்கு நல்ல வேலை. கை ஒவ்வொரு அங்குலத்தையும் தொடுவதால் புதுக் கீறல், கதவோரத்தில் யாரோ இடித்தது, கல் பட்டுப் பெயர்ந்த புள்ளி எல்லாம் அன்றே தெரிந்துவிடும். கோட்டிங் போட்டபிறகு பல மாதம் நான் காரை அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை.

வேக்ஸ் எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்துவைத்தேன். உச்சித் தளத்தில் நிறுத்திய மாதங்களில் ஆறாவது வாரத்தில் தண்ணீர் முத்தாக நிற்பது போய்த் தகடாகப் படர்ந்தது. கூரையுள்ள தளத்தில் இடம் கிடைத்த மாதங்களில் பத்து வாரம் நின்றது. மைனா எச்சத்துக்கு வேக்ஸ் கோட்டிங்கைவிட மேலா என்றால் இல்லை, கொஞ்சம் மட்டம்தான். பெட்ரோல் நிலையத்துக் கார் கழுவும் மெஷினின் காரத்தன்மையுள்ள சோப்பு இரண்டே கழுவலில் வேக்ஸைக் கொண்டுபோய்விடும். இந்த இடம்வரை மச்சினனுக்குச் சொல்லியிருந்தால், கோட்டிங் வாங்கு தம்பி, காசு கொஞ்சம் அதிகம், உழைப்பு மிச்சம் என்றுதான் முடித்திருப்பேன்.

ஞாயிறு, உச்சித் தளம்

போன ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது டிராயரில் துணி தேடினேன், காரை வாங்குமுன் செய்த பரிசோதனையின் அறிக்கை கையில் வந்தது. பழைய கார் வாங்கும்போது தனியாகப் பணம் கட்டி இதைச் செய்வோம் இல்லையா, அதுதான். கார் இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்ததா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தகட்டிலும் பெயிண்டின் தடிமனை அளந்து எழுதியிருப்பார்கள். அன்று அந்தப் பக்கத்தில் 'மறுபெயிண்ட் இல்லை' என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடியிருக்கிறேன். இப்போது எண்களைப் பார்த்தேன். பானட் ஒன்பது இடம்: 118, 121, 116 என்று போனது. கூரை 122. கதவுகள் 115க்கு அக்கம்பக்கம்.

மறுவாரம் பட்டறையிலிருந்து என் மீட்டரை அனுமதி கேட்டு எடுத்துவந்தேன். சுத்தமான இரும்புத் தகட்டில் பூஜ்யம் வைத்து, அளவு தெரிந்த ஷிம் தாள் போட்டுச் சரிபார்த்து, வேலையில் செய்வது மாதிரியே ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று முறை வைத்துச் சராசரி எடுத்தேன். கதவுகள் 113, 114. சரி, மீட்டருக்கு மீட்டர் இரண்டு மூன்று மைக்ரான் வித்தியாசம் வரும். கூரை 115. கொஞ்சம் யோசித்தேன். பானட்டுக்கு வந்தேன். 107, 109, 104. மைனா தடத்தைப் பாலிஷ் போட்டு எடுத்த இடத்தில் வைத்தேன். 97.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் மீட்டரை எடுத்து மறுபடி இரும்புத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி பானட்டில் வைத்தேன். 97.

கார் பெயிண்டின் மொத்தத் தடிமன் நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் நாற்பது, ஐம்பதுதான். வெயிலின் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் சரக்கு அந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. நிறம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். தொழிற்சாலையில் சூளையில் வைத்துச் சுட்டு ஏற்றிய அந்த நாற்பது ஐம்பது மைக்ரான்தான் காரின் உண்மையான பாதுகாப்பு. அதில் பத்துக்கும் மேலே, ஓர் இடத்தில் இருபது, போயிருந்தது. அதற்குப் பதிலாக மேலே ஏறியிருக்கும் கோட்டிங் ஒரு மைக்ரானோ இரண்டோ. என் மீட்டரால் பார்க்கவே முடியாத தடிமன். பாதுகாப்பு வாங்குகிறேன் என்று நினைத்து 980 வெள்ளி கொடுத்தேன். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருந்த பாதுகாப்பைச் சீவி எடுப்பதற்குப் போயிருக்கிறது. வீட்டுக்காரி புதுக் கார் மாதிரி என்று சொன்ன அந்த மாலையில், காருக்கு வயது சில ஆண்டுகள் கூடியிருந்தது.

கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கீறலை எடுக்க வேண்டுமானால் கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பெயிண்டைக் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை. கண்ணாடி மாதிரி வேண்டும் என்று கேட்டவன் நான். கீறலோடு கோட்டிங் போட்டால் கீறலும் உள்ளே பூட்டப்பட்டுவிடும், அதனால் கீறல் உள்ள காருக்குக் கடைகள் பெரும்பாலும் பாலிஷ் போடாமல் கோட்டிங் போடுவதில்லை. எனக்கு உறுத்தியது வேறு. பட்டறையில் நாங்களும்தான் எடுக்கிறோம், பிளாஸ்டிங்கில் பழைய பெயிண்டை இரும்புவரை எடுத்துவிடுகிறோம். ஆனால் எடுத்த இடத்தில் எபாக்சியும் பாசி பிடிக்காத பெயிண்டுமாக ஐந்நூறு மைக்ரானுக்கு மேல் திருப்பி ஏற்றுகிறோம். எடுத்ததும் ஏற்றியதும் தாளில் இருக்கும், கப்பல்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டாக்கில் தண்ணீர் விடுவார்கள். காரில் எடுத்தது எடுத்ததுதான். திரும்ப ஏற்ற முடியாது. எவ்வளவு எடுத்தோம் என்று எழுதும் தாளும் கிடையாது.

பத்து ஆண்டில் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமம்) முடிந்து கார் போகத்தானே போகிறது, முப்பது மைக்ரான் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பத்தாம் ஆண்டோடு காரைக் கொடுத்துவிட்டு, அதற்காக அரசாங்கம் திருப்பித் தரும் பார்ஃப் தள்ளுபடியை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அது போதும்தான். ஆனால் 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டதிலிருந்து என்னைப் போன்றவர்களின் கணக்கு மாறிவிட்டது. 2028இல் இந்தக் காருக்கு இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிப்பதாகத்தான் இருக்கிறேன். பதினைந்து ஆண்டுக்கு இந்தப் பானட் தாங்க வேண்டும். கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரிந்து, தேமல் மாதிரி பரவியிருக்கும் பழைய கார்களை இந்த ஊரில் தினமும் பார்க்கிறேன். அந்த நிலை வந்தபிறகு வேக்ஸும் இல்லை, கோட்டிங்கும் இல்லை. மறுபெயிண்ட்தான்.

அன்றிலிருந்து என் காருக்கு மெஷின் பாலிஷ் கிடையாது. வட்டக் கீறல்கள் மெல்லத் திரும்பி வருகின்றன, வரட்டும். வேக்ஸ் அவற்றைக் கொஞ்சம் நிரப்பி மறைக்கிறது, எதையும் எடுப்பதில்லை. டப்பா வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். கிளீனர் வேக்ஸ் என்று எழுதியிருப்பதில் மெல்லிய தேய்ப்புத் தூள் கலந்திருக்கும், அதைத் தவிர்த்துவிடுகிறேன். கழுவுவதற்கு இரண்டு வாளி, ஒன்றில் சோப்பு, ஒன்றில் துணி அலச. டிராயரில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கும். மைனா எச்சத்தைப் பார்த்த இடத்திலேயே ஊறவைத்து எடுத்துவிடுகிறேன், வேலைக்கு இரண்டு நிமிடம் தாமதமானாலும் சரி.

மச்சினனுக்குச் சொன்னது

அவனுக்கு நான் வேக்ஸ் போடு என்று சொல்லவில்லை. அவன் பொங்கோலில் இருக்கிறான், திறந்தவெளி நிறுத்துமிடம், தலைக்கு மேல் தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் மைனாக் கூட்டம் அத்தனையும் அந்த மரத்தில்தான். இரண்டு கைக்குழந்தைகள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வேக்ஸ் போட அவனால் முடியாது, முடியும் என்று சொன்னாலும் இரண்டாவது முறைக்குமேல் நடக்காது. அவனுக்குக் கோட்டிங் நல்லது. சோப்புக்குத் தாங்கும், அழுக்கு ஒட்டாமல் சீக்கிரம் கழுவ வரும், இரண்டு மூன்று ஆண்டு பளபளப்பு நிற்கும். முக்கியமாக அவன் கார் புதுசு. எடுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. புதுப் பெயிண்டில் கழுவி, கிளே போட்டு, மென்பஞ்சில் ஒரே ஒரு சுற்றுத் துடைத்துக் கோட்டிங் ஏற்றிவிடலாம். "உன் கிளியர் கோட்டைத் தொடாம போடுறவங்க யாருன்னு மட்டும் கண்டுபிடி" என்றேன்.

"அதை எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

"போன் பண்ணி, பாலிஷுக்கு முன்னாடி ஒரு ரீடிங், பின்னாடி ஒரு ரீடிங் எடுத்து எழுதித் தருவீங்களான்னு கேளு."

நான்கு கடைக்கு அழைத்தான். ஒருவர் என்ன ரீடிங் என்று கேட்டார். ஒருவர் எங்கள் கோட்டிங் 9எச் என்றார். ஒருவர் புதுக் காராக இருந்தாலும் மூன்று சுற்றுப் பாலிஷ் பேக்கேஜிலேயே சேர்ந்திருக்கிறது, குறைக்க முடியாது என்றார். நான்காவது, காக்கி புக்கிட்டில் ஒரு சின்னக் கடை. மலாய்க்காரத் தம்பி ஒருவர் எடுத்திருக்கிறார். எங்களிடம் மீட்டர் இருக்கிறது, உங்களுக்குச் சந்தேகமென்றால் உங்களுடையதையும் கொண்டுவாருங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள் என்றாராம். விற்பனையாளரின் பேக்கேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே நாள் குறித்தான்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பானட், கூரை, நான்கு கதவு, பின்மூடி என்று எல்லா இடத்திலும் மாஸ்கிங் டேப்பைச் சின்னதாகக் கிள்ளி ஒட்டி, அதன் மேல் எண் எழுதினார் அந்தத் தம்பி. நான் வேலையில் செய்வதைப் போலவே செய்தார். பானட் நடுவில் 124. கழுவி, கிளே போட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வலது பின்கதவில் மட்டும் கப்பலில் வந்தபோது பட்ட ஓர் உரசல் இருக்கிறது, அதை மட்டும் லேசாகத் தொடட்டுமா என்று கேட்டார். மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். உன் கார் தம்பி, நீ சொல் என்றேன். தொட வேண்டாம், இருக்கட்டும் என்றான். பாலிஷுக்குப் பின் பானட் நடுவில் 123. மீட்டரின் பிழைக்குள் அடங்கும் ஒரு மைக்ரான். பக்கத்துக் காப்பிக்கடையில் தே குடித்துவிட்டு வந்தபோது கடைசிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை. ஐயர் பானட்டில் சந்தனம் குழைத்து மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். அத்தை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெயில் ஏறும்வரை சந்தனம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மச்சினன் பாட்டிலை எடுத்து, துணியை நனைத்து, சந்தனத்தின் மேல் போட்டு ஊறவிட்டுக்கொண்டு நின்றான். கடையில் எழுதித் தந்த ரீடிங் தாளை நான் நான்காக மடித்து அவன் டிராயரில் வைத்தேன்.